வெட்டுகிறவளும் எடுக்கிறவளும்

மழை வரப்போகிறது என்பது அந்தச் சந்தில் முதலில் சோப்புக்குத்தான் தெரியும். வானம் இன்னும் வெளுப்பாகவே இருக்கும்; தட்டுகளில் காயப்போட்ட கட்டிகளின் முதுகில் முத்து முத்தாக வியர்வை கோத்துக்கொள்ளும். "வியர்க்குதுடி!" என்று பெரியவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், சின்னவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து சன்னல்களைச் சாத்துவாள், மின்விசிறிகளைத் தட்டிவிடுவாள். காயாத சோப்பை வாங்கிப் போகிறவள் திரும்பி வரும்போது சோப்போடு வரமாட்டாள், வாயோடு வருவாள் என்பது அவர்களுடைய அம்மா சொல்லிவிட்டுப் போன பாடம்.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னறையில் குடித்தனம், பின்னறையில் தொழில். தகரக் கூரை போட்ட நீள அறை. எண்ணெய்ப் பீப்பாய்கள், காஸ்டிக் சோடா கரைக்கிற அண்டா, கிண்டுகிற துடுப்பு, கூழ் பதத்துக்கு வந்ததை ஊற்றி இறுக விடுகிற மரச்சட்டம். இறுகிய பாளத்தை மறுநாள் மேசைமேல் கவிழ்த்து, இரண்டு முனையிலும் மரப்பிடி போட்ட கம்பியால் அறுப்பார்கள். அக்கா ஒரு பிடி, தங்கை ஒரு பிடி. நடுவில் பள்ளம் விட்டு, இரண்டு ஒட்டினாற்போல இருக்கிற கட்டி அது. வாங்குகிறவர்கள் வீட்டில் உடைத்துக்கொள்வார்கள். தெருக்காரர்கள் சோப்புக்கு வைத்த பெயரையே அக்கா தங்கைக்கும் வைத்துவிட்டார்கள். "ரெட்டைக்கட்டியில ஒண்ணு போகுது, இன்னொண்ணு எங்கே?" என்று தனியாகப் போகிறவளைக் கேட்காத வாய் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பெரியவளுக்குக் கல்யாணம் ஒன்று நடக்கத்தான் செய்தது. ஒருநாள் எண்ணெய் வாங்கிவரப் போன மனுஷன், எண்ணெயும் வரவில்லை, அவரும் வரவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. சின்னவளுக்கு லாரி ஓட்டுகிற புருஷன், பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். லாரிக்காரர் மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பார். ஆக வீட்டில் எப்போதும் பொம்பளை ராஜ்ஜியம்தான்.

அம்மா இருந்த காலத்தில் எதைப் பங்கு போட்டாலும் ஒரே சட்டம். ரொட்டித் துண்டாகட்டும், பழமாகட்டும், தலைக்குக் கட்டுகிற ரிப்பனாகட்டும், ஒருத்தி வெட்டவேண்டும், மற்றவள் எடுக்கவேண்டும். வெட்டுகிறவளுக்கு மிஞ்சியதுதான் என்பதால் கத்தி கோணாமல் போகும். பெரியவள்தான் வெட்டுவாள். சின்னவள் மேசை மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு துண்டையும் நோட்டம் பார்த்த பிறகே கை வைப்பாள். "அடி திருட்டு முழி, அக்கா உன்னை ஏமாத்திடுவாளா?" என்று அம்மா சிரிப்பாள். வளர்ந்த பிறகு அந்தச் சட்டம் தன்னால் வழக்கொழிந்து போயிற்று. பெரியவள் வெட்டி இலையில் வைத்தால் சின்னவள் பார்க்காமலேயே எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். சந்தேகம் இருக்கிற இடத்தில்தானே சட்டம் வேண்டியிருக்கிறது.

அம்மா போனது மார்பில் வந்த புண்ணால். இந்தத் தொழிலில் உடம்பில் எங்கே சிவந்தாலும் காஸ்டிக் தெறித்தது என்றுதான் முதலில் தோன்றும். அம்மாவும் வினிகரைத் தொட்டு வைத்துக்கொண்டு, மேலே துணியைச் சுற்றிக்கொண்டு, அண்டாவைக் கிண்டியபடியே இருந்தாள். சோப்பு வாசனையையும் மீறி நாற்றம் வெளியே வந்த பிறகு காட்டினார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த பயம் மனசில் இருந்ததால்தான், இடது மார்பில் கோலிக்குண்டு போல் ஒன்று தட்டுப்பட்டதும் பெரியவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அறுத்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, பூனை மயிர் மாதிரி மறுபடி முளைத்தது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டதால் இடது கை வீங்கிப்போய், பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கம்பியின் ஒரு பிடியை மேசை ஓரத்து ஆணியில் மாட்டிவிட்டுச் சின்னவள் தனியாகவே இழுத்தாள். அண்டாவை இறக்குவது, பாளத்தைக் கவிழ்ப்பது, பீப்பாயை உருட்டுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. பெரியவளுக்கு மிஞ்சியது ஒற்றைக் கையால் கிண்டுவதும், நாக்கில் வைத்துப் பார்ப்பதும்தான். புதுச் சோப்பை நாக்கு நுனியில் தொட்டால் சுள்ளென்று இழுக்கக்கூடாது. இழுத்தால் காரம் மிச்சம் இருக்கிறது, இன்னும் ஆறப்போட வேண்டும். "ஆச்சுடி" என்று அக்கா சொன்னால் ஆச்சு. தங்கை ஒருநாளும் தன் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

தாய்க்கும் வந்து மகளுக்கும் வந்ததால், வழிவழியாக வருகிற கோளாறாக இருக்கலாம் என்று பெரியவளின் ரத்தத்தை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். இருக்கிறது என்றே வந்தது. பி.ஆர்.சி.ஏ. என்று டாக்டர் நாலு எழுத்தைச் சொன்னார். "உங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கும். பிள்ளைங்களுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப் பிறந்தவங்க இருந்தா கீழே ஆலோசனை சொல்ற பொண்ணைப் பாத்துட்டுப் போங்க" என்றார். வெளியே நிற்கிற கூட்டத்தில் அவருக்கும் மூச்சுவிட நேரமில்லை.

வீட்டுக்கு வந்த பெரியவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "அம்மா என்னை நாலெழுத்து படிக்க வைக்கலேன்னு குறைப்பட்டுக்கிட்டே இருந்தேனே. பாவம் அவ, அப்பவே நாலெழுத்தை உடம்புக்குள்ள வெச்சுத்தான் அனுப்பியிருக்கா."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு?" என்றாள்.

"பாதிக்குப் பாதியாம். ரெண்டு பேரு நாம. ஒரு பாதி எனக்கு வந்துருச்சு."

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ. நல்ல பாதி உனக்கு. கெட்ட பாதி எனக்கு. கணக்கு நேராப் போச்சு."

வாழ்நாள் முழுக்கப் பாளத்தைப் பாதி பாதியாக அறுத்தவர்களுக்கு அது வேறு எப்படித்தான் புரியும்? ஒரு பாளம், இரண்டு மகள்கள். ஒருத்தி எடுத்துக்கொண்டால் மற்றவளுக்கு மற்றது. ஆலோசனைப் பெண்ணைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. முடிந்த கணக்குக்கு வாத்தியார் எதற்கு? சின்னவள் அக்காவின் வீங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். "எனக்கு வரவேண்டியதை நீ வாங்கிக்கிட்டியேக்கா" என்றாள். பெரியவளுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. வலிக்கிற உடம்புக்கு அது ஒரு மருந்து மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தங்கை எப்போதாவது முகத்தைத் தூக்கினால், "உன் பங்கையும் சேர்த்துத்தாண்டி நான் வாங்கிக்கிட்டேன்" என்று ஒரு போடு போடுவாள். சின்னவள் வாயை மூடிக்கொண்டு அண்டாவைத் தூக்குவாள்.

வெயில் காலம் முடிகிற சமயத்தில் லாரிக்காரருக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. வீடும் தருகிறார்கள். வந்துவிடு, மகளையும் அங்கே பள்ளியில் சேர்க்கலாம் என்று போனில் நச்சரிக்க ஆரம்பித்தார். நியாயமான பேச்சுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் பாதிக் குடித்தனம்தான் நடத்தியிருக்கிறார். பெரியவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு ஒரு பட்டறையை நடத்த முடியுமா? பட்டறையை விடுங்கள், பொழுது போன பிறகு அந்த வீட்டில் பேச யார் இருக்கிறார்கள்?

அந்தச் சமயம் பார்த்துத்தான் வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் ஆலோசனைப் பெண் அவளைப் பிடித்துக்கொண்டாள். பெரியவளுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடி, பொறுமையான குரல்.

"உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காங்கள்ல? அவங்க சோதனைக்கே வரலியே?"

"அவளுக்கு எதுக்கும்மா? பாதி எனக்கு வந்துருச்சே. மிச்சப் பாதி நல்ல பாதி, அதுதானே அவளுக்கு?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதுவே பெரியவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்படி இல்லம்மா. இது ஒண்ணைப் பங்கு போடற விஷயமே இல்ல. காசைச் சுண்டிவிட்டு பூவா தலையா பாக்கறோம்ல? நீங்க பிறந்தப்ப ஒரு தடவை சுண்டினாங்க, பூ விழுந்துச்சு. உங்க தங்கச்சி பிறந்தப்ப புதுசா ஒரு தடவை சுண்டினாங்க. முதல்ல பூ விழுந்துச்சேன்னு அடுத்தது தலையாத்தான் விழணும்னு காசுக்குத் தெரியுமா?"

"அப்போ அவளுக்கும்..."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். இருந்துச்சுன்னா வருஷா வருஷம் ஸ்கேன் பாத்து, வந்தாலும் கடுகா இருக்கறப்பவே பிடிச்சுடலாம். வராம இருக்கறதுக்கும் வழி இருக்கு. உடனே கூட்டிட்டு வாங்க. நாங்களா அவங்களைக் கூப்பிட முடியாதும்மா, உங்க விஷயத்தை வெளிய சொல்லக்கூடாது. நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேம்மா."

"மறந்துடாதீங்க."

"சொந்தத் தங்கச்சி விஷயத்தை மறப்பேனா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். அது சத்தியம். எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை கூடப் பார்த்தாள். சந்து முனையில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது சின்னவள் சட்டத்தில் சோப்புக் கூழை ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை, ஊற்றுகிற கை நடுவில் நிற்கக்கூடாது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் இருக்காம்."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. அவர்கிட்ட முடிவாச் சொல்லிட்டேன், நான் துறைமுகத்துக்கு வரலேன்னு."

"ஏண்டி?"

"ஏன்னா? எனக்கு வரவேண்டியதைத் தன் உடம்புல வாங்கிக்கிட்டவ நீ. உன்னை ஒத்தைக் கையோட விட்டுட்டு அங்க போய் உக்காந்து நான் சோறு தின்னா அது உடம்புல ஒட்டுமா? கோவிச்சுக்கிட்டாரு. கோவிச்சுக்கட்டும். ஆம்பளைக் கோவம் பசிச்சா போயிடும்." சட்டம் நிரம்பியது. சாக்கை எடுத்து மேலே மூடினாள். "நீ என்ன நிக்கற? உக்காரு, டீ போடறேன்."

பெரியவள் உட்கார்ந்தாள். டீ வந்தது, குடித்தாள். சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. உன் பங்கை நான் வாங்கவில்லை, அப்படி ஒரு பங்கே கிடையாது என்று சொல்லவேண்டும். சொன்ன மறுநாளே தங்கைக்கு இந்த வீட்டில் கட்டு எதுவும் இல்லை. அழுதுகொண்டாவது லாரி ஏறிவிடுவாள். மழைக்காலம் வந்து போகட்டும், சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் சோப்பு காயவே மாட்டேன் என்கிறது, ஒருத்தியாகச் சமாளிக்க முடியாது. அப்புறம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது, அது முடியட்டும் என்றாள். ஒன்றும் இருக்காது, அவள் என்னைவிடத் திடமானவள் என்றாள். சாக்குச் சொல்ல நினைத்தவளுக்கு நாளுக்கு ஒன்று கிடைக்காதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, தினமும் தங்கை முகத்தைப் பார்த்துக்கொண்டே அதே சோற்றை இருவருமாகச் சாப்பிட்டார்கள். இது அற்பத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தாள். நல்லவர்கள் எல்லாம் தெரியாமல் தவறு செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. கூரைத் தகரத்தில் அது போடுகிற சத்தத்தில் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. கட்டிகள் மூன்று நாளில் வியர்ப்பதை நிறுத்தும் என்று பார்த்தால் வாரக்கணக்கில் வியர்த்தன. ஈரக் கட்டிகளைத் துடைத்துத் திருப்பிப்போடுவதே ஒரு வேலையாகிவிட்டது. ஒருநாள் மதியம் பாளத்தைக் கவிழ்க்கும்போது சின்னவள் "அம்மா" என்று வலது அக்குளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. அண்டா தூக்கித் தூக்கிப் பிடிச்சுக்கிச்சு. கொஞ்ச நாளாவே இருக்கு, தூக்கறப்ப சுருக்குங்குது."

"எத்தனை நாளா?"

"யாரு எண்ணினா? பாரம் தூக்கினா வலிக்காம பூவா பூக்கும்? அந்தத் தைலத்தை எடுத்துத் தேச்சு விடேன்."

பெரியவள் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வந்தாள். சின்னவள் ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு, ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மகளின் பள்ளிக்கூடக் கதை எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவளின் விரல்கள் தோளிலிருந்து அக்குளுக்கு இறங்கின. அங்கே நின்றுவிட்டன. அந்த விரல்களுக்கு அதை ஏற்கெனவே தெரியும். தன் உடம்பில் ஒருமுறை தொட்டுப் பார்த்த விரல்கள் அவை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். பெரியவளுக்கு அன்றைக்குத் தசை, எலும்பு எல்லாமே ஆடியது.

"என்னக்கா, நிறுத்திட்ட? அங்கதான், அங்கதான் வலி."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"தைலம் தேய்க்கச் சொன்னா ஆஸ்பத்திரிங்கற. பாளம் அறுக்கணும் நாளைக்கு."

"பாளம் கிடக்கட்டும் எழவு!" அவள் கத்தியது மழையையும் மீறிக் கேட்டது. சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா தைலக் கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. என்ன?"

"அந்தப் பாதிக் கணக்கு தப்புடி. நமக்குத் தப்பாப் புரிஞ்சிருக்கு. எனக்கு வந்ததால உனக்கு இல்லேன்னு கிடையாதாம். தனித்தனியாம். உனக்கும் பாக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"அந்த ஆலோசனைப் பொண்ணு."

"எப்போ?"

இந்த இடத்தில்கூட அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துதான் இருந்தது. "இப்பத்தான். போன தடவை போனப்ப" என்றாள். போன தடவை போனது போன வாரம். காரம் போகாத சோப்பை "ஆச்சு" என்று சொன்னதுபோல் அத்தனை இயல்பாக அது நாக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

சின்னவள் ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். "சரி, போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைச்சல். படம் எடுத்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். பெரியவள் போகாத கோயிலுக்கெல்லாம் நேர்ந்துகொண்டாள். ஒன்றும் இல்லை என்று வந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நானே உன்னை லாரியில் ஏற்றி விடுகிறேன் என்று தனக்குள் சத்தியம் செய்தாள். பயத்தில் செய்கிற சத்தியத்துக்குக் கடவுள் காது கொடுப்பதாக இருந்தால் இந்த உலகத்தில் ஆஸ்பத்திரியே இருக்காது.

சதைப் பரிசோதனை முடிவு முதலில் வந்தது. புற்றுதான், அக்குள் நெறிக்கும் போயிருக்கிறது. மரபணு முடிவு வந்த அன்று ஆலோசனைப் பெண் சின்னவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். பெரியவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்த சின்னவள் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. "வா" என்றாள். பஸ்ஸில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்காவுக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, நேராகப் பட்டறைக்குப் போனாள். தட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்தாள். பெரியவள் வாசற்படியிலேயே நின்றாள். "அது ஆச்சுடி, நான் காலையிலயே பாத்துட்டேன்."

சின்னவள் அந்தக் கட்டியைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். பழக்கம் இல்லாததால் முகம் கோணியது. துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அந்த நாலெழுத்து இருக்காம்க்கா."

"ஐயோ..."

"அழாத. நீ அழுதா எனக்குப் பேச வராது. அந்தப் பொண்ணு என்ன கேட்டா தெரியுமா? 'மழைக்கு முன்னாடியே உங்க அக்காகிட்ட சொல்லிவிட்டேனே, ஏம்மா இவ்வளவு நாள் கழிச்சு வர்றீங்க'ன்னா. என்னைத் திட்டினா. நான் தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். எங்க அக்கா எங்கிட்ட சொல்லலேன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "போயிடுவியோன்னு பயமா இருந்துச்சுடி. வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"கேட்டிருக்கலாம்ல? போகாதடின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இருந்திருப்பேனே. சோதனையும் பண்ணிக்கிட்டு, இங்கயும் இருந்திருப்பேன். உனக்குக் கேக்கத் தெரியல. கடன்காரி ஆக்கிக் கட்டிப்போடத்தான் தெரிஞ்சுது."

"நாலு மாசம்தானேடி..."

"ஆமா, நாலு மாசம்தான். உள்ள வந்த டாக்டரையும் கேட்டுட்டேன். அப்பவே வந்திருந்தா நெறிக்குப் போகாம இருந்திருக்குமான்னு. 'இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், யாராலயும் சொல்ல முடியாது'ன்னாரு." சின்னவள் சிரித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. "அதுவும் பாதிக்குப் பாதிதான் போல. நீயும் நானும் சாகற வரைக்கும் இதைப் பங்கு போட்டுக்கிட்டே கிடக்கலாம்."

கையிலிருந்த கட்டியைத் தட்டில் திரும்ப வைத்தாள். பிறகு அவள் மெதுவாக, விளக்கிச் சொல்கிறவள் போலச் சொன்னாள்: "நீ என் பங்கை வாங்கிக்கவே இல்லக்கா. அது என்கிட்டயேதான் இருந்திருக்கு. அண்டா தூக்கின வலின்னு நான்தான் நினைச்சுக்கிட்டேன். உன் அண்டா."

லாரிக்காரர் அடுத்த வாரமே வந்தார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதும் பெரியவளுக்குத் தெரியவில்லை. துறைமுக ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கேயே வைத்தியம் பார்ப்பதாக ஏற்பாடு. சாமான்களை ஏற்றுவதற்குள் பாதிப் பொழுது போயிற்று. சின்னவளின் மகள் தன் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றாள். அவளுக்கும் பதினெட்டு முடிந்ததும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதை அவளே பெரியம்மாவிடம் சொன்னாள், அடுத்த வருஷப் பரீட்சையைப் பற்றிச் சொல்வதுபோல.

துடுப்பு, சட்டம், எண்ணெய்ப் பீப்பாய் எதையும் சின்னவள் கேட்கவில்லை. கடைசியாகக் கிண்டி ஊற்றிய பாளம் ஒன்று மேசையில் கிடந்தது, இரண்டு பேரும் சேர்ந்து போட்டது. போகிற இடத்தில் துணி துவைக்க வேண்டாமா என்று அதைப் பெரியவள்தான் ஞாபகப்படுத்தினாள். வேறு எதைக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"முழுசையும் எடுத்துக்கிட்டுப் போடி. நான் என்ன பண்ணப்போறேன் இதை வெச்சு."

"வேண்டாம். பாதி போதும்."

"சரி, பெரிய பாதியா உனக்குத் தர்றேன்."

"நீ தர வேண்டாம்" என்றாள் சின்னவள். "நீ வெட்டு. நான் எடுத்துக்கறேன்."

பெரியவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தங்கை விளையாடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் வந்து மறு பிடியைப் பிடிக்கமாட்டாள் என்று தெரிந்ததும் பெரியவள் கம்பியின் ஒரு முனையைத் தானே ஆணியில் மாட்டினாள். மறு முனையை வலது கையால் பிடித்து, வீங்கிய இடது கையையும் துணைக்குக் கொடுத்து இழுத்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பாளங்களை அறுத்திருக்கிறாள், இதைப்போல் நேராக அறுக்கவேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. கம்பி நடுவில் நடுங்கியது. இடது கை விண்விண் என்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடி வரைக்கும் இறக்கினாள்.

பாளம் இரண்டாகப் பிரிந்தது. அவளுக்கு நேராகத்தான் தெரிந்தது.

சின்னவள் உடனே கை நீட்டவில்லை. மேசை மட்டத்துக்குக் குனிந்தாள். ரத்தம் எடுக்க ஊசி குத்திய கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதலில் இந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டைப் பார்த்தாள். மறுபடி இந்தத் துண்டுக்கு வந்தாள். வெளியே லாரியின் ஹாரன் ஒருமுறை அடித்து நின்றது. அவள் அவசரப்படவில்லை. அக்கா வெட்டியதை அங்குலம் அங்குலமாகப் பார்த்து முடித்த பிறகே, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள்.